குடியரசுத் தலைவரின் துணைவர் எங்கே நிற்க வேண்டும்?

பாளை வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்திய காலத்திலேயே மனதில் கிடந்த ஒரு விஷயத்தை இங்கே பேசலாம் என்று ஆரம்பிக்கிறேன்.

நம் அரசியலமைப்பில் 52-வது பிரிவிலிருந்து குடியரசுத் தலைவரைப் பற்றி வரிசையாக வருகிறது. யார் தேர்ந்தெடுப்பது, என்ன தகுதி, எப்படிப் பதவியேற்பது, எப்படி நீக்குவது, எல்லாம் இருக்கிறது. அவருடைய மனைவியையோ கணவரையோ பற்றி ஒரு வரி கிடையாது. சட்டத்தில் அவர்கள் தலைகாட்டுவது 1951-ம் ஆண்டு ஊதிய, ஓய்வூதியச் சட்டத்தில்தான். தலைவர் காலமானால் துணைவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, மருத்துவ வசதி உண்டு. அவ்வளவுதான்.

ஆனால் வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் டெல்லிக்கு வரும் நாளன்று பாருங்கள். ராஷ்டிரபதி பவன் முன்முற்றத்தில் இரண்டு தம்பதிகளும் கைகுலுக்குகிறார்கள். தேசிய கீதம் முடிந்ததும் விருந்தாளி மட்டும் அணிவகுப்பைப் பார்வையிடப் போகிறார். அவருடைய மனைவி கூடப் போவதில்லை, ஒதுங்கி நிற்கிறார். பகலில் அவருக்குத் தனி நிகழ்ச்சி நிரல். இரவு விருந்தில் மறுபடியும் ஒன்றாக உட்காருகிறார்கள். எந்த இடத்தில் சேர்ந்து நிற்பது, எந்த இடத்தில் விலகி நிற்பது என்று எல்லாமே முன்கூட்டித் தீர்மானமானவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி இடம் பிரித்துக் கொடுப்பதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளக் கூடாது. பதவி யாரிடம் இருக்கிறது என்பதைப் படிக்காத ஜனங்களுக்கும் கண்ணால் காட்டுகிற வேலை அது. துணைவர் ஓரடி பின்னால் நிற்கும்போதுதான் அது பளிச்சென்று தெரிகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அம்பை வேலு

சார், நான் நேராகவே கேட்கிறேன். ஓட்டுப் போட்டு வராத ஒருவருக்கு அரசுச் செலவில் எதற்கு இடம்? தலைவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், சரி. அவர் வீட்டில் இருப்பவர் வீட்டிலேயே இருக்கட்டுமே.

அப்துல் கலாம் ஐயா 2002 முதல் 2007 வரை இருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஐந்து வருஷம் அந்த மாளிகையில் விருந்து நடக்கவில்லையா, வெளிநாட்டுத் தலைவர்கள் வரவில்லையா? எதுவும் நிற்கவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்கியபோது அதற்கான செலவைத் தன் கைக்காசிலிருந்து கட்டியவர் அவர். ராதாகிருஷ்ணன் 1962-ல் பதவிக்கு வந்தபோதும் அவருடைய மனைவி சிவகாமு உயிரோடு இல்லை. இப்போது இருக்கும் திரௌபதி முர்மு அம்மாவும் 2014-லேயே கணவரை இழந்தவர். அந்த இடம் காலியாக இருந்தாலும் குடியரசு நடக்கிறது என்றால், அப்படி ஒரு இடம் தேவையில்லை என்றுதானே அர்த்தம்?

வீரவநல்லூர்த் தறி

வேலு தம்பி, தேவையில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட வேண்டாம். எங்கள் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் சொல்கிறேன்.

ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1990 வாக்கில், அவருடைய மனைவி ஜானகி அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். புழுவைக் கொல்லாமல் பட்டுச் சேலை நெய்ய முடியுமா என்பதுதான் அந்தக் கேள்வி. ஆந்திராவில் கைத்தறித் துறையில் வேலை பார்த்த குசுமா ராஜய்யா அதைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு அகிம்சைப் பட்டு என்று கடையில் விற்கிறதே, அதற்குப் பின்னால் அந்தக் கேள்வி இருக்கிறது.

பட்டு நூல் எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரியாது. கூட்டுக்குள் புழு இருக்கும்போதே வெந்நீரில் போட்டு அவித்துவிடுவார்கள். அப்போதுதான் கூடு கிழியாமல், அறுபடாத ஒரே இழையாக உருவி எடுக்கலாம். அந்துப்பூச்சியை வெளியே பறக்க விட்டால் அது கூட்டைத் துளைத்துக்கொண்டு போகும், இழை துண்டு துண்டாகிவிடும். அப்புறம் பஞ்சை நூற்கிற மாதிரி நூற்றுத்தான் சேர்க்க வேண்டும். பளபளப்புக் கொஞ்சம் குறையும், கூலி கூடும். தறியில் பாவு போடும்போது இழையைத் தொட்டாலே வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

இதெல்லாம் ஒரு அமைச்சர் கேட்டுக் கோப்பு நகர்ந்து வந்ததில்லை. சேலை கட்டுகிற ஒரு அம்மா கேட்டது. பதவி இல்லாதவருக்குத்தான் இப்படிக் கேட்க வாய் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்பை வேலு

நல்ல விஷயம்தான் அண்ணாச்சி, மறுக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள். அதே கேள்வியை வீரவநல்லூரில் ஒரு அம்மா கேட்டிருந்தால் யாராவது நூலைக் கையில் எடுத்திருப்பார்களா? மாளிகையிலிருந்து வந்ததால்தானே அது கேள்வியாக இல்லாமல் வேலையாக மாறியது. இன்றைக்குச் சேலை. நாளைக்கு வேறு ஒருவர், வேறு ஒரு காரியம், வேறு ஒரு அதிகாரியிடம் கேட்டால்? அதிகாரம் இல்லை என்று சட்டம் சொல்லும். எதிரே நிற்பவர் காதில் அது உத்தரவாகத்தான் விழும்.

கடையநல்லூர் காதர்

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் பக்கம் பர்மாவுக்குப் போய்ப் பிழைத்த குடும்பங்கள் நிறைய. அதனால் கே.ஆர். நாராயணனின் மனைவி உஷா அம்மாவைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் ரொம்பப் பிரியமாகப் பேசுவார்கள்.

அவர் பர்மாவில் பிறந்தவர். பிறந்த பெயர் மா டின்ட் டின்ட். நாராயணன் ரங்கூனில் இந்தியத் தூதரகத்தில் இருந்தபோது பழக்கம். வெளியுறவுப் பணியில் இருப்பவர் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள விதி குறுக்கே நின்றதால் நேரு தனியாக அனுமதி கொடுத்தார். 1951-ல் டெல்லியில் கல்யாணம். 1997-ல் நாராயணன் குடியரசுத் தலைவரானபோது, பக்கத்து நாட்டில் பிறந்த ஒரு பெண் இந்தியாவின் முதல் குடும்பத்தில் உட்கார்ந்தார். பர்மியச் சிறுகதைகளை மொழிபெயர்த்தவரும்கூட.

பிரணாப் முகர்ஜியின் மனைவி சுவ்ரா முகர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த ஊர் இன்றைய வங்கதேசத்தில் இருக்கிறது. 2015 ஆகஸ்டில், கணவர் பதவியில் இருக்கும்போதே அவர் இறந்தார். ஷேக் ஹசீனா டாக்காவிலிருந்து நேரில் வந்து நின்றார். ஒரு நாட்டின் பிரதமர் துக்கத்துக்கு வருவது எத்தனை ஒப்பந்தத்துக்குச் சமம்? இந்த உறவையெல்லாம் அரசாணை போட்டு உண்டாக்க முடியாது வேலு தம்பி.

சிங்கப்பூரில் எங்கள் ஊர்க்காரர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே 2017-ல் ஹலீமா யாக்கோப் குடியரசுத் தலைவரானதும் அவருடைய கணவர் விழாக்களில் அமைதியாகக் கூட வந்தார். யாருக்கும் அது உறுத்தவில்லை.

பாளை வாத்தியார்

வேலு சொன்ன பயத்தை மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டம், தலைவருக்கு உதவியாக வேலை செய்யும் துணைவருக்கு அலுவலகப் பணியாளர்களை அனுமதிக்கிறது. 1993-ல் ஹிலாரி கிளின்டன் சுகாதாரத் திட்டக் குழுவுக்குத் தலைமை வகித்தபோது, அவர் அரசு ஊழியரா வெளியாளா என்று வழக்கே நடந்தது. அரசு ஆலோசனைக் குழுக்கள் பற்றிய சட்டத்தின் நோக்கத்துக்கு அவரை அரசு அதிகாரி போலவே கருதலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிரான்சில் 2017-ல் மக்ரோனின் மனைவிக்கு முறையான பதவி கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் லட்சக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகை ஒரு சாசனத்தை வெளியிட்டது. அவர் என்னென்ன செய்வார் என்று எழுதி, சம்பளம் கிடையாது என்றும் அதில் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி வழி. அங்கே தாய்மார்களின் உடல்நலத்துக்காக ஓர் அறக்கட்டளை. 1950-ல் முதல் குடியரசுத் தலைவரின் மனைவி எல்லி ஹாய்ஸ்-க்னாப் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த தலைவர்களின் மனைவிமார் வழிவழியாக அதன் புரவலர்களாக இருக்கிறார்கள். ஷ்டைன்மையரின் மனைவி எல்கே பூடன்பெண்டர் நீதிபதி. 2017-ல் கணவர் பதவிக்கு வந்ததும் நீதிமன்ற வேலையிலிருந்து விலகி நின்றார். ஒரே வீட்டில் இருந்து ஒருவர் சட்டத்தில் கையெழுத்திட, இன்னொருவர் தீர்ப்பு எழுதக் கூடாது என்கிற எண்ணம்.

எல்லை எது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துபோகும்.

செங்கோட்டைச் சுப்பு

வாத்தியார் ஐயா ஜெர்மனி வரை போய்விட்டார். நான் மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் போகிறேன். எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். ஊர் முகப்பு வளைவில் இன்றைக்கும் சங்கு முத்திரை இருக்கிறது. அந்த ராஜ்யத்தில் இந்தக் கேள்விக்கு வைத்திருந்த விடையை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

அங்கே மருமக்கள் தாயம். ராஜாவுக்குப் பிறகு பட்டம் அவர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான். அதனால் ராணி என்றால் ராஜாவின் மனைவி இல்லை. ராஜாவின் சகோதரியோ சகோதரி மகளோதான் ராணி. ஆற்றிங்கல் ராணி என்று பட்டம்.

அப்படியானால் ராஜாவின் மனைவி? அவரை அம்மச்சி என்பார்கள். அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டார் என்று நான்கு அம்மவீடுகள். ராஜா கட்டுகிற பெண் இந்த வீடுகளைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றில் தத்தெடுக்கப்பட வேண்டும். அவருக்கு வீடு உண்டு, நிலம் உண்டு, படி உண்டு. தர்பாரில் இடம் கிடையாது. ராஜாவோடு பொது இடத்தில் சேர்ந்து காட்சி தரக்கூட முடியாது. பிள்ளைகளுக்குத் தம்பி, தங்கச்சி என்று பெயரோடு சேர்த்துக்கொள்ளும் பட்டம் உண்டு, சிம்மாசனம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் பட்டம் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் மார்த்தாண்ட வர்மா காலத்துத் தம்பிமார் சண்டை சாட்சி.

இன்னொரு பக்கம் ராணியின் கணவர். கோயித்தம்புரான் என்பது அவர் பட்டம். கிளிமானூர் மாதிரியான குடும்பங்களிலிருந்து வருவார்கள். பிறக்கும் பிள்ளை நாளைக்கு ராஜா. ஆனால் அப்பாவுக்கு ராஜ்யத்தில் ஒரு அதிகாரமும் இல்லை. கேரள வர்ம வலிய கோயித்தம்புரானைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பெரிய கவிஞர், ராணி லட்சுமி பாயின் கணவர். 1875-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜா அவர் மேல் சந்தேகப்பட்டுக் காவலில் வைத்தார். மகாராஜா 1880-ல் இறந்த பிறகுதான் விடுதலை. அத்தனை வருஷமும் கணவரை விட்டுவிடும்படி எவ்வளவோ நெருக்கியும் ராணி மசியவில்லை. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்துப்போகும். பட்டம் அவருடையது, ஆனால் தன் கணவரைக் காப்பாற்ற அந்தப் பட்டத்தால் முடியவில்லை.

1924-ல் சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார், 1931 வரை இருந்தார். அப்போதும் அவர் கணவர் நிர்வாகத்தில் கைவைக்கிறார் என்று எதிரணியில் இருந்தவர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆளுகிறவர் பெண் என்றதுமே, பின்னால் புருஷன் இருக்கிறான் என்று ஊர் வாய் பேச ஆரம்பித்துவிடுகிறது. நூறு வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் பேச்சு மாறவில்லை.

மேல் பதில்களில் பெரும்பாலும் துணைவர் என்றதும் மனைவியைத்தான் நினைத்துப் பேசுகிறீர்கள். கணவராக இருந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மேலப்பாளையம் ரஹ்மத்

சுப்பு அண்ணாச்சி சொன்னதற்கு ஆயிரம் முறை ஆமாம்.

இங்கிலாந்தில் 1953 முடிசூட்டு விழாவில் பிலிப் தன் மனைவி எலிசபெத் ராணி முன்னால் மண்டியிட்டு, ஆயுள் முழுக்க விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தார். கடற்படையில் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். 2017-ல் ஓய்வு பெறும் வரை தனியாக மட்டும் 22,219 நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறார். இன்னொரு பக்கம் டென்மார்க்கில் ஹென்ரிக். மனைவி மார்கரெத்தே ராணி, தனக்கு ராஜா என்ற பட்டம் கொடுக்கவில்லையே என்று கடைசி வரை மனக்குறை. 2017-ல், ராணிக்குப் பக்கத்தில் என்னைப் புதைக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்.

ராஜாவின் மனைவி ராணி என்றால் யாரும் கண்ணைச் சுருக்குவதில்லை. ராணியின் கணவர் ராஜா இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள மட்டும் அந்த ஆளுக்கும் ஊருக்கும் ஒரு ஆயுள் போதவில்லை.

நம் நாட்டில் 2007-ல் பிரதிபா பாட்டீல் வந்தபோது அவருடைய கணவர் தேவிசிங் ஷெகாவத் சாதாரண ஆள் இல்லை. மகாராஷ்டிராவில் அமராவதியின் முதல் மேயர், சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். ஐந்து வருஷமும் விழாக்களில் பக்கத்தில் வந்தார், பின்வரிசையில் நின்றார். படங்களைத் தேடிப் பாருங்கள். நம் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைக் காட்ட வேண்டும் என்பேன்.

சங்கரன்கோவில் கோமு

நம் ஊரிலேயே இதற்கு வழி இருக்கிறது. நெல்லையப்பர் கோவில் ஆனித் திருவிழாவில் சுவாமிக்குப் பெரிய தேர் என்றால் காந்திமதி அம்மனுக்குத் தனித் தேர், தனி வடம். ஆடிப்பூரம் அம்மனுக்கே உரியது. எங்கள் கோமதி அம்மனின் ஆடித் தபசுக்குக் கூடுகிற கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். துணைவருக்கும் இப்படித் தனியாக ஒரு வேலை இருக்கட்டும். அதைச் செய்யட்டும், அடுத்தவர் தேரில் ஏற வேண்டாம். 2020 ஏப்ரலில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தின் மனைவி சவிதா கோவிந்த் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, டெல்லியில் தங்குமிடங்களில் இருந்தவர்களுக்காக முகக்கவசம் தைத்தாரே, அந்த மாதிரி.

ஆவுடையாள்

இந்தத் திரியைத் தினமும் வாசிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான் நம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவர். 2021 அக்டோபரில் நடந்த தேர்தலில் ஜெயித்தவள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

ரஹ்மத் சொன்ன ஷெகாவத் படங்களைத் தேடிப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூட விழா. சுதந்திர தினம். கொடிக் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டியது, எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் ஒலிபெருக்கியில், தலைவர் இப்போது சிறப்புரை ஆற்றுவார் என்றார்கள். நான் எழுந்தேன். மைக்கை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். பொன்னாடை முதலில் அவருக்கு, அப்புறம் துணைத் தலைவருக்கு, கடைசியில் எனக்கு. ஃபிளெக்ஸில் அவர் முகம் முழுசாக இருந்தது, என் முகம் மூலையில் வட்டத்துக்குள் இருந்தது. நான் முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதிய பேச்சு மடித்தபடி பைக்குள்ளேயே இருந்தது. ஊருக்கு மேல்நிலைத் தொட்டி எப்படி வந்தது, எவ்வளவு செலவு, இன்னும் எந்தத் தெருவுக்குக் குழாய் போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அவர் பறித்துக்கொள்ளவில்லை, ஊர் எடுத்துக் கொடுத்தது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதற்கு மட்டும் என்னைத் தேடி வீட்டுக்கு வருவார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவரைத் தேடி டீக்கடைக்குப் போவார்கள்.

வாத்தியார் ஐயா முதல் பதிவில் சொன்னது, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துத்தான் பதவி யாருடையது என்று ஜனங்கள் தெரிந்துகொள்கிறார்கள் என்பது, என் ஊரில் அப்படியே நடந்தது. அன்றைக்கு மேடையைப் பார்த்த ஒவ்வொரு பிள்ளையும் தலைவர் என்றால் அவர்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

களக்காடு முருகன்

அக்கா, வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் மறு பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் மனைவி வார்டு உறுப்பினர். ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் எரிந்துபோனால் என் போனுக்குத்தான் அழைப்பு வருகிறது. டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு நான்தான் போகிறேன். தெருவில் சண்டை என்றால் நான்தான் நடுவே நிற்கிறேன். அவளேதான் என்னைப் போகச் சொல்கிறாள். உதவி செய்கிற புருஷனையெல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் நாளைக்கு எந்த வீட்டிலும் பெண்ணைத் தேர்தலில் நிற்க விட மாட்டார்கள். ஊர் நிலவரம் அப்படி.

நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். அதில் ஓர் ஊராட்சியின் பெயரும் சாதிப் பேச்சும் இருந்தன. ஆவுடையாள் எந்த ஊர் என்று யாரும் தேட வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

ஆவுடையாள்

முருகன் தம்பி, ராத்திரி மோட்டார் பார்க்கப் போகிறீர்களே, அதற்காக உங்களை மனதார வாழ்த்துகிறேன். என் வீட்டுக்காரரும் போவார். அதை உதவி என்று நானும் சொல்வேன். நான் கேட்பது அது முடிந்த மறுநாள் காலையைப் பற்றி. மோட்டார் சரியானதும் ஊர்க்காரர் யாரிடம் நன்றி சொல்கிறார்? ஒன்றிய அலுவலகத்தில் புது மோட்டாருக்கு எழுதிக் கேட்கும்போது அதிகாரியின் எதிரில் நாற்காலியில் யார் உட்காருகிறார்? உங்கள் மனைவி உட்கார்ந்து நீங்கள் வெளியே நின்றால் நீங்கள் உதவி செய்பவர். நீங்கள் உட்கார்ந்து அவர் வெளியே நின்றால், தம்பி, நீங்களே சொல்லுங்கள்.

பெண்ணை நிற்க விட மாட்டார்கள் என்றீர்கள். 2016-லிருந்து தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. எந்த வீட்டில் தடுத்தாலும் வேறு ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தே தீருவாள்.

அம்பை வேலு

இந்தத் திரிக்கு நான் வரும்போது பணத்தைப் பற்றித்தான் யோசித்தேன். அக்கா எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. துணைவருக்கு மேடையில் இடமே கூடாது என்ற என் வாதம் இன்னும் வலுவாகத்தான் ஆகியிருக்கிறது. டெல்லியில் விதி எழுதி, ஆள் வைத்து, பின்வரிசை எது என்று கோடு போட்டுக் கொடுக்க முடியும். ஊராட்சி மேடையில் கோடு போட யார் இருக்கிறார்கள்? ஆகவே அங்கே ஒரு நாற்காலிகூட வேண்டாம்.

பாளை வாத்தியார்

வேலு சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஊராட்சியில் துணைவருக்கு மேடை தேவையே இல்லை. வெளிநாட்டுத் தலைவர் தம்பதியாக வந்து இறங்கும் இடமில்லை அது. குடும்ப விருந்தும் இல்லை. டெல்லியில் துணைவர் கூட நிற்பதற்கு விருந்தோம்பல் என்கிற காரணம் இருக்கிறது. ஊராட்சியில் அந்தக் காரணம் கிடையாது.

மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதற்காகவே 2023-ல் ஒரு குழு போட்டது. வடக்கே இந்தக் கணவர்களுக்கு ஊருக்கு ஒரு பட்டப்பெயரே இருக்கிறது, அவ்வளவு பரவின வியாதி. பெண் தலைவருக்குப் பதிலாக ஆண் உறவினர் நிர்வாகம் செய்தால் கடும் தண்டனை வேண்டும் என்று 2025-ல் அறிக்கை வந்தது. தண்டனை வரட்டும். ஆனால் அதற்கு முன்னால் செய்யக்கூடிய சின்ன வேலைகள் இருக்கின்றன. அழைப்பிதழில் பதவியில் இருப்பவர் பெயர் மட்டும். ஃபிளெக்ஸில் அவர் படம் மட்டும். ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்குக் கணவர் வந்தால் அதிகாரி எழுந்து, தலைவர் வரட்டும், காத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர்கள் இதில் நிறையச் செய்யலாம். மைக் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நான் பள்ளியில் இருந்த காலத்தில் எத்தனை விழா நடத்தியிருக்கிறோம்! மேடையில் யாருக்கு எந்த நாற்காலி என்று நாங்கள்தான் சீட்டு எழுதி ஒட்டுவோம். இப்போது பள்ளியில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தச் சீட்டை யோசித்து ஒட்டுங்கள்.

மேலப்பாளையம் ரஹ்மத்

சார், அந்தச் சீட்டு விஷயத்தை நான் படம் எடுத்து எங்கள் ஆசிரியைகள் குழுவில் போடுகிறேன்.

களக்காடு முருகன்

ஆவுடையாள் அக்கா கேட்ட கேள்வியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தானே பேருந்தில் போய்க்கொள்வதாக மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வாத்தியார் ஐயா. கிராம சபைக் கூட்டத்தில் நான் எங்கே இருப்பது? வீட்டில் உட்கார்ந்துகொள்ள வேண்டுமா?

பாளை வாத்தியார்

வேண்டவே வேண்டாம் முருகன். கிராம சபைக்குத் தலைமை ஊராட்சித் தலைவர். ஆனால் சபை என்பது நீங்கள்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, தண்ணீர் தினம், உள்ளாட்சி தினம் என்று எப்போது கூடினாலும் நீங்கள் ஜனங்களோடு ஜனமாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, வரவு செலவைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், தீர்மானத்துக்குக் கை தூக்கலாம். தலைவரின் கணவருக்கும் அதே உரிமை உண்டு.

ஆவுடையாள்

அது போதும் ஐயா. அடுத்த கிராம சபைக்கு அறிவிப்பு எழுதும்போது நான் கூட இருந்து எழுதச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, எங்கள் கீழத் தெருவில் விளக்கு எரிந்து ரொம்ப நாளாகிறது. அதைச் சபையில் எழுந்து கேட்கட்டும். பதில் நான் சொல்கிறேன்.